வெள்ளை நூல்

மழை வெறித்துவிட்டது. நாகர்கோவிலில் டிசம்பர் பிறந்தால் விடியற்காலையில் மலைப்பக்கமிருந்து ஒரு குளிர் இறங்கும், பத்து மணிக்கு வெயில் ஏறும், இருட்டினால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் எரியும். இதற்கு மேல் புதிதாக எந்தத் தையலையும் தொடங்குவதில்லை. கையில் இருப்பதை முடித்தால் போதும். கிறிஸ்மஸுக்கு ஒருவருக்கு ஒன்றைக் கையால் செய்து கொடுக்க நினைத்தால் ஆடி ஆவணியிலேயே துணியை எடுத்துவிட வேண்டும். மேசை விரிப்பின் நான்கு மூலைக்கும் பூ போடுவது ஒரு மாதத்தில் நடக்கிற வேலை இல்லை. அவசரப்பட்டால் நான்காவது மூலை மற்ற மூன்றோடு சேராது.

*

குரோஷா ஊசியில் போட்ட நட்சத்திரம் குடிலின் மேல் தொங்க வேண்டுமானால் விறைப்பாக நிற்க வேண்டும். புத்தகங்கள் சர்க்கரைப் பாகில் முக்கச் சொல்கின்றன. நம் ஊருக்கு அது ஒத்துவராது, விடிவதற்குள் எறும்பு வந்துவிடும். சோற்றுக் கஞ்சிதான் சரி. நன்றாக வடிகட்டி ஆறவைத்த கஞ்சியில் நட்சத்திரத்தை முக்கி, முறுக்காமல் உள்ளங்கைக்குள் அழுத்திப் பிழிந்து, பழைய தலையணை மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து அதில் வைக்கிறேன். முதலில் ஐந்து முனையையும் இழுத்துக் குண்டூசி குத்த வேண்டும். பிறகு முனைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள். எந்தக் கண்ணியில் கை இறுகியது, எங்கே தளர்ந்தது என்பது பின்னும்போது தெரியாது, இழுத்துக் குத்தும்போது தெரியும். துருப்பிடித்த ஊசி ஒன்று இருந்தாலும் வெள்ளை நூலில் பழுப்புப் புள்ளி விழும். எத்தனை அலசினாலும் போகாது.

இந்த வேலைக்கு நடுவில் ஜெபம் தானாக வருகிறது. யாருக்காகப் போடுகிறோமோ அவர் பெயர்தான் ஜெபம்; வேறு வார்த்தை தேவைப்படுவதில்லை.

*

நாகர்கோவிலுக்கு லேஸ் வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் இங்கே பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் அப்போது கையால் லேஸ் பின்னுகிறவர்களுக்குப் போதாத காலம். ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-ல் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அங்கே இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேலை இங்கே திண்ணையிலும் பள்ளிக்கூட அறையிலும் உட்கார்ந்தது.

மார்த்தா கற்றுக்கொடுத்தது குரோஷா அல்ல, தலையணையில் போடுகிற லேஸ். இறுக்கமாக அடைத்த தலையணை. அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாள். ஒவ்வொரு நூல் நுனியிலும் விரல் நீளத்தில் ஒரு மரக்கட்டை, பாபின். அகலமான வேலைக்குத் தலையணை முழுக்கப் பாபின்கள் தொங்கும். ஆனாலும் கைக்கு ஒரு நேரத்தில் வருவது நான்குதான். அசைவும் இரண்டுதான். நடுவில் உள்ள இரண்டில் இடதை எடுத்து வலதின் மேல் போடுவது ஒன்று. ஒவ்வொரு சோடியிலும் வலதை இடதின் மேல் முறுக்குவது மற்றொன்று. துளை வந்ததும் ஒரு ஊசியைக் குத்தி அதுவரை பின்னியதை நிறுத்த வேண்டும். எவ்வளவு பெரிய பூக்கொடியும் இந்த இரண்டு அசைவுக்குள் அடக்கம். பழகிய கைகள் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம்தான் முதலில் வரும்; கண் அதற்குப் பின்னால்தான் வரும். முடிந்ததும் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள்.

*

இதை எழுதாமல் இந்த மாதத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த லேஸ் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் போனது. பின்னிய பெண்கள் பலருக்குத் தங்கள் தோளை ஒரு துணியால் மூடும் உரிமை இல்லை. மார்த்தாவும் அதே மிஷனின் மீட் ஐயரின் மனைவியும் சேர்ந்து அவர்களுக்காகத் தைத்துக்கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டை, திருவிதாங்கூரில் ஒரு போராட்டத்தின் நடுவில் நின்றது. 1858-ன் கடைசி மாதங்களில் கலவரம் மூண்டு 1859-க்குள்ளும் நீண்டது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். 1858-ன் கிறிஸ்மஸ் அதற்கு நடுவில்தான் வந்தது. ஆராதனைக்குக் குப்பாயம் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்து போயிருப்பார்களே, அந்த நடையை நினைக்கிறேன். 1859 ஜூலையில் அனுமதி வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1855-ல். அதற்கு முன்னாலேயே அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள். எத்தனை முழம் பின்னினால் ஒரு மனுஷியின் விலை சேர்ந்திருக்கும்? மார்த்தாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. பின்னியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன. அவர்களைத்தான் இந்த ஊரின் முதல் சம்பாத்தியக்காரிகளில் வைத்து நான் வணங்குகிறேன்.

*

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, அந்த லேஸ் இங்கிருந்து போய்ச் சேர்ந்த இடையன்குடிக்குப் போய்வந்தோம். அஞ்சுகிராமம் தாண்டினால் நாஞ்சில் நாட்டுப் பச்சை முடிந்து பனைமரங்கள் தொடங்கிவிடும், போகப்போகச் செம்மண் தேரி. பிள்ளைகளுக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்து, ஒரு டப்பா அச்சு முறுக்கு. பாதி வழியிலேயே காலி.

அங்கே உள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் நாட்டி 1880-ல் பிரதிஷ்டை செய்தார்கள். முப்பத்து மூன்று வருடம் கட்டிய கோயில். கால்டுவெல்லுக்காகத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், மெரினாவில் 1968-ல் சிலை வைத்தார்கள், அவ்வளவும் தகும். நான் போனது எலைசாவுக்காக. மார்த்தாவின் மகள், 1822-ல் நாகர்கோவிலில் பிறந்தவர், தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவர். 1844-ல் கால்டுவெல்லை மணந்து இந்தத் தேரிக்காட்டுக்கு வரும்போது அம்மாவிடம் கற்ற லேஸையும் கொண்டுவந்தார். பனையேற்றும் கருப்பட்டியும்தான் பிழைப்பு என்றிருந்த ஊரில், பெண்களின் கைக்கென்று ஒரு கூலி வந்தது. கணவனும் மனைவியும் இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்கள். உள்ளே பிள்ளைகள் ஏணி வைத்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஆர்மோனியத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினார்கள். திருவிருந்து மேசையில் வருகைக் காலத்து ஊதா விரிப்பு. கிறிஸ்மஸ் அன்று வெள்ளைக்கு மாறும். அதன் ஓரத்தில் எத்தனை விரற்கடை லேஸ் என்று பார்க்க ஆசையாக இருந்தது. இன்னொரு தடவை போக வேண்டும்.

*

எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் பண்டிகை விற்பனை நடந்தது. ஒருவர் குரோஷா மேசை விரிப்பைப் புரட்டிப் பார்த்து, கடையில் இதில் பாதிக்குக் கிடைக்கும் என்றார். கிடைக்கும்தான். விலையைக் குறைக்க வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றுவிட்டேன். ஒரு கூலியாள் வேலைக்கு இன்றைக்கு என்ன கொடுக்கிறோமோ, அதன்படி இந்த விரிப்பின் நாட்களைக் கணக்குப் போட்டால், நாங்கள் ஒட்டிய சீட்டில் இருந்ததே மிகக் குறைவு. பண்டிகை நேரத்தில் தாராளமாக இருப்போம் என்கிறோம். தாராளம், கையால் செய்தவளிடம் பேரம் பேசாததிலிருந்து தொடங்கட்டும்.

மாலையில் ஒரு சின்னப் பெண் வந்து தன் பாட்டிக்காகக் குரோஷா நட்சத்திரம் ஒன்று வாங்கினாள். எப்படிப் போடுவது என்று கேட்டாள். சங்கிலித் தையலை இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

*

தலையணை லேஸ் எனக்கு வராது. வரவேண்டும் என்று பல கிறிஸ்மஸாக ஆசை. எங்கள் சபையில் அது தெரிந்த அம்மை ஒருவர் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"வா மக்களே. ஆனா பகல்ல வா. ராத்திரி லைட்டுல வெள்ளை நூல் எனக்குத் தெரியல்ல. முதல்ல கட்டையில நூல் சுத்தத்தான் சொல்லித் தருவேன். அதுக்கே உனக்கு ஒரு மாசம் ஆவும், கேட்டியா?"

ஜனவரி இரண்டாவது வாரத்திலிருந்து, செவ்வாய்க்கிழமைகளில்.