குளிசையை நிறுத்தாதீர்கள்

மாத்தளை நகரைத் தாண்டி ஏ-9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் போகிறவர்களுக்கு வாசனைத் திரவியத் தோட்டங்களைத் தெரியாமல் இராது. மிளகுக் கொடியும் கறுவாவும் ஏலமும் பார்த்து முடித்தால் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய கடை. மூட்டுவலித் தைலம் வாங்குங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. வலிப்புக்கும் நடுக்குவாதத்துக்கும் மறதிநோய்க்கும் பச்சிலைச் சாறு எங்கே கிடைக்கும் என்று நம்மவர்கள் தேடி அலைகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வலிப்புள்ள பிள்ளையைப் பெற்றவர்களே, எந்தச் சாற்றை நம்பியும் டொக்டர் தந்த குளிசையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து வந்து உயிரையே பறிக்கலாம். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து லயங்களிலிருந்து கிளினிக்குக்கு வந்துபோனால் ஒருநாள் சம்பளம் போய்விடுகிறது. தோட்டத் துரைமாரே, அந்த நாளுக்குச் சம்பளம் வெட்டாதீர்கள். குளிசை நின்றுபோவதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம்.

“குளிசையையும் போடுகிறோம், சாற்றையும் கொடுக்கிறோம், என்ன கெட்டுவிடும்?” என்று கேட்பீர்கள். கெட்டிருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் குளிசையோடு சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேதப் பாணியும் குடித்த நோயாளிகளுக்கு, அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வந்தது. பம்பாய் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அந்தப் பாணி இரத்தத்தில் குளிசையின் அளவைக் குறைப்பது தெரிந்தது. 1992இல் அதை வெளியிட்டார்கள்.

பச்சிலையில் சத்தில்லை என்று நான் சொல்லவரவில்லை. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் மருந்து அதுதான். நம் காட்டோரத்தில் படரும், தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் அதே கொடியின் விதையில் அது இருக்கிறது! ஆனால் 1960களில் அளவு பார்த்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகே அது வைத்தியமாயிற்று. விதைக்கு விதை அதன் அளவு மாறும். ஏற்கெனவே லெவோடோபா எடுக்கும் பெரியவருக்குப் பூனைக்காலித் தூளையும் கரைத்துக் கொடுத்தால் மருந்து மிஞ்சிப்போய், கைகால் தானாக முறுக்கும், எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் விழும், புத்தி தடுமாறும். மறதிக்கு வல்லாரை தேடுகிறவர்களே, வல்லாரைச் சம்பலும் இலைக்கஞ்சியும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது சாப்பாடு. காய்ச்சி வடித்துச் செறிவாக்கிய சாறு வேறு. அதனால் ஈரல் பழுதானவர்கள் உண்டு.

விற்கிறவர்களே, பரம்பரை வைத்தியர்களே, போத்தலில் என்ன இருக்கிறதென்று எழுதுங்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். நரம்புக்கென்று கொடுக்கும் மருந்தே நரம்பைத் தின்றால் அந்தப் பாவத்தை எங்கே கழுவுவது? உங்கள் பாட்டன் கைகண்ட மருந்து உண்மையாக வேலைசெய்கிறதென்றால் மூடி வைக்காதீர்கள். நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவகம் 1962 முதல் இருக்கிறது. கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும் வரை “குணமாகும்” என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே சாறோ பாணியோ கொடுத்துவருகிறீர்களா? டொக்டர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது குளிசைப் பையோடு அந்தப் போத்தலையும் எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.