கூப்பிட்ட குரலுக்கு



செல்போன் மணி அடித்தால் அதை எடுக்கிற விதத்தில் மனுஷருக்கு மனுஷர் எவ்வளவு வித்தியாசம்! ஒருவர் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். பூசையில் எழுந்தேற்ற வேளையிலும் அவர் கை சட்டைப்பைக்குப் போகும். இன்னொருவர் பெயரைப் பார்த்து, வேண்டாதவரானால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார். தெரியாத எண்ணைத் தொடவே மாட்டேன் என்பார் மூன்றாமவர். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே காளவாசலைக் கடக்கிறவரும் உண்டு. அவருக்குப் புத்தி சொல்லப் போலீஸார் இருக்கிறார்கள்.

கோவில் விஷயத்தைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் 2018 மார்ச் முதல் செல்போன் கொண்டுபோகத் தடை. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டு இந்துக் கோவில்கள் யாவற்றுக்கும் அப்படியே உத்தரவிட்டது. நம்மையும் நீதிபதிதான் வந்து திருத்த வேண்டுமா? பூசையில் குருவானவர் இருதயத்தை மேலே எழுப்பச் சொல்லுகிறாரேயன்றிப் போனையல்ல என்று காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2017 நவம்பரில் கடிந்துகொண்டார்.

ஆனால் என் மனதை உறுத்துவது வேறொன்று. மேலதிகாரி கூப்பிட்டால் குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு ஓடி வருகிறோம். உசிலம்பட்டிப் பக்கத்திலோ மேலூர்ப் பக்கத்திலோ தனியே இருக்கிற தாயார் கூப்பிட்டால், "அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்கிறோம். அந்த அப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் நீளும். முன்னெல்லாம் வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது; எடுக்காததற்கு அது ஒரு சாக்கு. 2003 மே மாதத்திலிருந்து, வெளிமாநிலம் போனாலொழிய, எடுக்கிறவருக்குச் செலவில்லாமற் போயிற்று. அம்மா மாத்திரம் பழைய வழக்கம் மாறாமல் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, திண்ணையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய ஏற்பாட்டில் சிறுவன் சாமுவேலின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். ஆலயத்தில் படுத்திருந்தவன், ராத்திரி தன்னை யாரோ கூப்பிடக் கேட்டு, கண் மங்கிப்போன கிழவராகிய குரு ஏலியிடம் ஓடினான். "நான் கூப்பிடவில்லை, போய்ப் படு" என்கிற கருத்தாய் அவர் சொல்லி அனுப்பினார். மறுபடியும் அப்படியே; மூன்றாந்தரமும் அவன் ஓடினான். கூப்பிட்டவர் சர்வேசுரன் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று தரமும் அவன் தூக்கத்தைவிட்டு எழுந்து ஓடியது ஒரு கிழவருக்காகத்தான். முணுமுணுத்ததாக வேதாகமத்தில் இல்லை. இரண்டு தரம் ஏமாந்தோமே என்று மூன்றாந்தரம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிழவருக்காக எழுந்து எழுந்து பழகின பிள்ளைக்கே சர்வேசுரனுடைய குரலும் வந்தது.

"தெரியாத எண்ணை எடுத்தால் பணம் போய்விடும், சாமி" என்பீர்கள். பயம் நியாயமானதே. போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் மிரட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள். பணம், ஓ.டி.பி. என்ற பேச்சு வந்தாலே வைத்துவிடலாம். ஆனால் ராஜாஜி ஆஸ்பத்திரி வாசலில் சார்ஜ் தீர்ந்த போனோடு நிற்கிற மகள், பக்கத்திலிருப்பவர் போனை இரவல் வாங்கித்தானே அப்பாவைக் கூப்பிடுவாள்? அது அப்பாவுக்குத் தெரியாத எண்தான்.

சேசுநாதர் சொன்ன உவமையில், நள்ளிரவில் அப்பம் கேட்டு வந்த சிநேகிதனுக்கு, கதவு அடைத்தாயிற்று, பிள்ளைகள் படுத்தாயிற்று என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலாவது வந்ததே! நாம் சைலண்டில் போட்டுவிடுகிறோம்.

வீட்டில் யாருக்காவது ராத்திரியில் அவஸ்தைப்பூசுதல் வேண்டியிருந்தால், விடியட்டும் என்று காத்திராதேயுங்கள். பங்கு இல்லத்துப் போன் தலைமாட்டில் சத்தத்தோடுதான் இருக்கும். இரண்டு தரம் அடித்தும் எடுக்காவிட்டால் வந்து கதவைத் தட்டுங்கள்.