பெயரும் பொருளும்

தில்லி கரோல் பாக் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், தந்தையார் காலமான பின் அவருடைய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் மாடிப்படியின் கீழே பல ஆண்டுகள் கிடந்தது. 1972-ஆம் ஆண்டு திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் உருவான வண்டி அது. மத்திய அரசுப் பணிக்காகத் தலைநகருக்கு வந்த அந்தப் பெரியவர், முப்பது ஆண்டுகள் அதில்தான் அலுவலகம் சென்று வந்தார். அதைத் தம் கையாலேயே பிரித்துப் புதுப்பித்து மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்று மகன் விரும்பினார். அதற்குமுன் அவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றியவர் அல்லர். மூன்று மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அந்த வேலையின் நடுவே எழுந்த ஒரு கேள்வி நம் அனைவருக்கும் உரியது என்பதால் அதை இங்கே சிந்திக்கிறோம்.

வண்டியை முழுவதும் பிரித்தபோது, எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின் முன்குழாய் உள்ளிருந்தே துருவேறி அரித்துப் போயிருந்தது தெரியவந்தது. பழைய பாகங்கள் விற்கும் ஒருவர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். அதே மாதிரியில் நல்ல சட்டகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதிலுள்ள எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு, தந்தையாரின் வண்டி எண்ணைப் பொறித்துக் கொடுத்துவிடலாம். "யாருக்கு என்ன நஷ்டம்? வண்டி உங்களுடையது, எண்ணும் உங்களுடையது" என்றார் அவர்.

மகன் கல்வி கற்றவர். தத்துவ நூல்களிலும் பழக்கம் உள்ளவர். அவர் மனம் உடனே ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தது. கிரேக்க வீரனாகிய தீசியஸின் கப்பலை ஆதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்ததையும், பலகைகள் உளுத்துப் போகப்போகப் புதியவற்றைப் பொருத்தியதையும், "இது அதே கப்பல்தானா?" என்று தத்துவ ஞானிகள் வாதிட்டதையும் புளூட்டார்க் கூறுகிறார். நம் நாட்டில் மிலிந்த மன்னரிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை, இவை யாவும் கூடியிருக்கும்போது வழங்கும் பெயரே தேர். அப்படியானால், 'அப்பாவின் வண்டி' என்பதும் ஒரு பெயர்தானே? அந்தப் பெயரை வேறோர் இரும்புச் சட்டகத்தின்மீது வைப்பதில் என்ன தவறு?

இந்த வாதத்தைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். ஏனெனில் நம்மில் பலர் அன்றாட வாழ்வில் இதே தவற்றைச் செய்கிறோம். உயர்ந்த நிலையில் உண்மையாக இருக்கும் ஒன்றைத் தாழ்ந்த நிலையில் நமக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். உலகம் தோற்றமே என்பார், கடனைத் திருப்பித் தராதவர். யாவும் ஒன்றே என்பார், பிறர் பொருளைத் தமதாக்கிக்கொள்பவர்.

நம் ஆசாரியர்கள் பாரமார்த்திகம், வியாவகாரிகம் என்று இரு நிலைகளை வகுத்தனர். முன்னதைக் காட்டிப் பின்னதை அலட்சியம் செய்யலாம் என்பது அதன் கருத்தன்று. பெயர் என்பது மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே என்பது உண்மைதான். ஆனால், அதனாலேயே அதைக் காப்பாற்றுவது நம் கடமையாகிறது. கல்லுக்குக் கடினம் இயல்பு. யாரும் நம்பாவிட்டாலும் அது கடினமாகவே இருக்கும். பெயருக்கோ அத்தகைய தாங்கு பலம் எதுவும் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பலாம் என்ற ஒன்றே அதைத் தாங்கி நிற்கிறது. நாகசேனர் தேருக்குள் 'தேர்' என்று ஒன்று தனியாக இல்லை என்று காட்டினார். ஒரு தேரை மற்றொரு தேர் என்று சொல்லி விற்கலாம் என்று அவர் கூறவில்லை.

விற்பனையாளரின் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. எண் அழிக்கப்படும் அந்தச் சட்டகம் எங்கிருந்து வந்தது? அது வேறொருவர் இழந்த வண்டியுடையதாக இருக்கலாம். அவர் தம் பொருளை அடையாளம் காண இருந்த ஒரே வழியும் அன்றோடு அடைபடும். நாளை இதை வாங்குபவரும், விபத்து நேர்ந்தால் விசாரிப்பவரும் ஒரு பொய்யை நம்பியே முடிவெடுப்பார்கள்.

பொருள் இன்னதென்று அறியாமல் கைமாறுவதன் விளைவைத் தில்லி நகரம் ஒருமுறை கண்டது. 2010-இல் பல்கலைக்கழகம் ஒன்றின் பயன்படாத ஆய்வுக் கருவி ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. அதனுள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதை அறியாத தொழிலாளர்கள் அதைப் பிரித்தனர். பலர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். சட்டகத்தின் எண்ணை மாற்றுவது அவ்வளவு கொடிய செயல் அன்று. எனினும், ஒரு பொருளைப் பற்றிய உண்மை அதனுடன் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

மகன் அந்தச் சட்டகத்தை வாங்கவில்லை. எண் பொறித்த கழுத்துப் பகுதி நன்றாகவே இருந்ததால், அரித்துப்போன குழாயை மட்டும் வெட்டி நீக்கிப் புதிய குழாயை வெல்டிங் செய்வித்தார். செலவும் காலமும் அதிகமாயின. பற்றவைத்த தழும்பு வெளியே தெரிகிறது.

சோதனை அத்துடன் முடியவில்லை. தலைநகரில் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற தீர்ப்பாய ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதியுடன் செயல்படுத்தச் சொன்னது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த மத்திய அரசு விதிகள் தனிப் பதிவு அளிக்கின்றன. கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுகள் செல்லும். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தழும்பின்மேல் வண்ணம் பூசிவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. அவர் அதை மறைக்கவில்லை. குழாய் மாற்றப்பட்டதை விண்ணப்பத்தில் எழுதினார். அது பெரிய மாற்றமா, சிறிய பழுது நீக்கமா என்று தீர்மானிப்பது அதிகாரிகளின் பொறுப்பு. உண்மையை அவர்கள் முன் வைப்பது அவருடைய பொறுப்பு.

இறுதியாக மின்கம்பிகளின் வேலை வந்தது. பழைய கம்பிகளின் உறை வெடித்து உதிர்ந்திருந்ததால், அனைத்தையும் புதிதாக இழுத்தார். வரைபடத்தைப் பலமுறை சரிபார்த்தார். ஆயினும் முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிந்தது. ஹாரனை அழுத்தினால் விளக்கு அணைந்தது. பல நாட்கள் தேடியும் குற்றம் பிடிபடவில்லை. முதிய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "பேட்டா, எர்த் எங்கே?" என்று கேட்டபடி, ஓர் ஆணியைக் கழற்றி அதனடியில் இருந்த புதிய வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார். இரும்பு தெரிந்தது. ஆணியை முடுக்கியதும் விளக்கு நின்று எரிந்தது. மோட்டார் சைக்கிளில் பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரத்துக்குச் சட்டகமே பாதை. பளபளப்புக்காகப் பூசிய வண்ணம் அந்தப் பாதையை அடைத்திருந்தது.

அன்பர்களே, தந்தையிடமிருந்து மகனுக்கு உண்மையில் வருவது எது? டயர்களும் கம்பிகளும் மாறிவிட்டன; சட்டகத்தின் ஒரு பகுதியும் மாறிவிட்டது. அவற்றில் மட்டும் தந்தையைத் தேடினால் ஆண்டுக்கு ஆண்டு அவர் குறைந்துகொண்டே போவார். முப்பது ஆண்டுகள் ஒழுங்காகப் பணி செய்த ஒருவரின் நேர்மை, அவர் வண்டியைப் புதுப்பித்த மகனின் கையில் தொடர்ந்தது. அவர் பொய் எண்ணை ஏற்றிருந்தால் வண்டி இன்னும் எளிதாக ஓடியிருக்கும். ஆனால் அதை 'அப்பாவின் வண்டி' என்று சொல்லும்போது அவர் குரல் தடுமாறியிருக்கும்.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஞாயிறுதோறும் வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு, சிறிது நேரம் அருகில் நின்றுவிட்டு அணைக்கிறார். பார்க்க வருபவர்களுக்கு அந்தத் தழும்பைத்தான் முதலில் காட்டுகிறார்.