கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போகிற பஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் ஒரு பெரியவர், நடுவில் நான், ஓரத்தில் இருபது வயசுப் பையன் ஒருவன்.

திருக்கழுக்குன்றத்தில் இரண்டு பெரிய பைகளோடு ஒருவர் ஏறினார். பஸ்ஸைக் கண்ணால் ஒரு அளவு எடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

நமக்குத்தான் தாராள மனசாயிற்றே! "வாங்க, வாங்க" என்று ஜன்னல் பக்கமாக இரண்டு அங்குலம் நகர்ந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார், என்னிடம். ஓரத்துப் பையன் பாதி சீட்டிலும் பாதி அந்தரத்திலும் இருந்தான். ஒரு வளைவில் சரிந்தவன், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பரவால்லண்ணே, நின்னுக்கறேன்."

புதுப்பட்டினத்தில் இரண்டு பேரும் இறங்கினோம். பேச்சுக் கொடுத்தேன். செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாம்.

"காலைல ஒம்பதரைலேர்ந்து நின்னுக்கிட்டேதாண்ணே. பழகிடுச்சு."

"கடையில உட்கார ஸ்டூல் போடலையா?"

"போட்டிருக்காங்கண்ணே. கஸ்டமர் இல்லாதப்போ உக்காரலாம்" என்றவன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "கஸ்டமர் இல்லேன்னா துணி மடிக்கச் சொல்லுவாங்க."

நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த 'அட்ஜஸ்ட்' காதைவிட்டுப் போகவில்லை. நண்பர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வருகிற ரகம். அன்றைக்கும் வந்தார்.

லத்தீனில் 'யுக்ஸ்டா' என்றால் 'பக்கத்தில்' என்று அர்த்தம். ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பிரெஞ்சு வழியாக 'அட்ஜஸ்ட்' ஆகி, சுமார் நானூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் நம்ம ஊர் பஸ்ஸில் "நெருங்கி உட்காருங்க" என்கிற அர்த்தத்தில் இந்தச் சொல்லைப் புழங்குகிறவர்தான் சுத்தமான லத்தீன் பேசுகிறார்! இன்னொரு வேடிக்கை. குதிரைமேல் ஈட்டியோடு எதிரெதிரே பாய்ந்து மோதுவார்களே, அந்த 'ஜௌஸ்ட்' என்கிற சண்டைக்கும் வேர்ச்சொல் இதுதான். நெருங்கி வருவது அணைப்பதற்கும் இருக்கலாம், குத்துவதற்கும் இருக்கலாம்.

நடுவில் ஒரு குழப்பம் நடந்தது. சொல்லின் உடம்பில் 'ஜஸ்ட்' என்று ஓசை இருந்ததால், நியாயம் என்ற பொருளுள்ள 'யுஸ்டுஸ்' என்ற சொல்லிலிருந்துதான் இது பிறந்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். சரிப்படுத்துவது, செம்மை செய்வது என்கிற அர்த்தங்கள் அந்தச் செல்வாக்கில் பலப்பட்டன. ஆக, இந்தச் சொல்லைப் பெற்றது நெருக்கம். பிற்பாடு வந்து சுவீகாரம் எடுத்துக்கொண்டது நியாயம்.

நம்மிடம் வந்தது எது? அதுதான் என் கவலை.

கல்யாணமாகிப் போகிற பெண்ணிடம் "அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா" என்கிறோம். மாப்பிள்ளையிடம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆபீஸில் மேனேஜர் ஊழியரிடம் சொல்வார், ஊழியர் திருப்பிச் சொல்ல முடியாது. மலையாள சினிமாவில் பெண்கள் படுகிற பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. வாய்ப்புக்காகப் பெண்களிடம் கேட்கப்படுவதற்கு அங்கே புழங்குகிற பெயர் என்ன தெரியுமா? 'அட்ஜஸ்ட்மென்ட்.' எவ்வளவு சாதுவான சொல், எவ்வளவு அழுக்கான வேலைக்குப் போயிருக்கிறது!

'விட்டுக்கொடு' என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதில் 'கொடு' இருப்பதால் கொடுக்கிறவர் ஒருவர் தெரிகிறார். அட்ஜஸ்ட்டில் அவர் காணாமல் போய்விடுகிறார், பஸ்ஸில் அந்தப் பையன் போனமாதிரி.

என்னைப்போல பி.காம். படித்தவர்களுக்கு இந்தச் சொல் வேறு ஒரு பயத்தைக் கொடுத்தது. பரீட்சையில் ட்ரையல் பேலன்ஸைக் கொடுத்துவிட்டுக் கீழே 'அட்ஜஸ்ட்மென்ட்ஸ்' என்று நாலைந்து வரி போட்டிருப்பார்கள். 'கொடுபட வேண்டிய கூலி ரூ. 500' என்பதுபோல. அந்த ஐந்நூறை இரண்டு இடத்தில் காட்ட வேண்டும். கூலிச் செலவோடு கூட்ட வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்திலும் எழுத வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது, மார்க்கும் போகும்.

வாழ்க்கையில் நாம் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு டேலி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். வீடு அமைதியாக இருக்கிறது, கடை ஓடுகிறது, பஸ் போகிறது. யாருக்குக் கொடுபட வேண்டியிருக்கிறது என்று பொறுப்புகள் பக்கத்தில் எழுதுவதே இல்லை.

சில சமயம் யாராவது எழுத வைக்கிறார்கள். கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பின் பெண் தொழிலாளர்கள், கடையில் உட்காருகிற உரிமைக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் திருத்தியது. இன்றைக்குக் கடை ஊழியர்களுக்கு இருக்கை போட்டாக வேண்டும் என்பது சட்டம். ஒரு ஸ்டூலுக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. அந்த ஸ்டூலும் துணி மடிக்கிற நேரத்தில் காலியாக நிற்கிறது.

அப்படியானால் அட்ஜஸ்ட் பண்ணுவதே தப்பா? இதையும் நண்பரிடம் கேட்டேன். அவர் 2004 டிசம்பர் 26-ஐ ஞாபகப்படுத்தினார். சுனாமி இந்தக் கரையில் ஏறிய நாள்.

"அன்னிக்கு ராத்திரி இந்த வீட்ல பதினேழு பேர். பேர்கூடத் தெரியாது. நான் சமையல்கட்டு வாசல்ல படுத்தேன். யாரும் யாரையும் அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லலைப்பா."

யாரும் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரே எழுந்து வாசலில் போய்ப் படுத்தார். தன் இடத்தைத்தான் கொடுத்தார். அந்த ஒரு ராத்திரி, சொல்லைப் பெற்ற நெருக்கமும் வளர்த்த நியாயமும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

நான் பஸ்ஸில் கொடுத்தது இரண்டு அங்குலம். மீதியைப் பையனுடைய இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, 'தேங்க்ஸ்' என்பதை என் பக்கத்தில் வரவு வைத்துக்கொண்டேன். "தம்பி, உனக்குச் சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே எழுந்து நின்றிருக்கலாம். நான் அன்றைக்குப் பகல் முழுக்க உட்கார்ந்துதான் இருந்தேன்.