ஒரு மெழுகுவத்திக் கட்டையும் ஒரு கேள்வியும்

வெண்மணி நாளன்று எங்கள் காலனி மன்றத்தில் 44 மெழுகுவத்தி கொளுத்துவது வழக்கம். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேருக்காக. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட சனங்களின் பெண்டு பிள்ளைகள், கிழவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கவிழ்த்து வைத்த டம்ளர்மேல் ஒட்டியிருந்த மெழுகுவத்தி ஒன்று சரிந்து அம்பேத்கர் படத்துக் காகித மாலையில் பற்றிக்கொண்டது. ஓர் அக்கா தண்ணிக் குடத்தைச் சாய்த்து அணைத்தார். நெருப்பில் செத்தவர்களை நினைக்க வந்த இடத்தில் இன்னொரு நெருப்பு வைக்கப் பார்த்தோமே என்று கூசிப்போனேன். மெழுகுவத்திக்கு மரத்தில் கட்டை செய்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பெரிய வேலை இல்லை. வாசலில் வெட்டிப்போட்ட பூவரசங் கட்டை காய்ந்து கிடந்தது. நாலு அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம் என்று ரம்பத்தால் அறுத்தேன். அடி அகலமாக இருந்தால்தான் சாயாது. நடுவில் முக்கால் அங்குல அகலத்துக்கு, ஓர் அங்குல ஆழத்துக்கு உளியால் குழி. நார் ஓடும் திசை தெரியாமல் ஓங்கி அடித்ததில் முதல் கட்டை இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதில் குழி பெரிதாகி மெழுகுவத்தி ஆடியது. மூன்றாவதுதான் தேறியது. மெழுகு தீர்ந்து திரி அடியைத் தொட்டால் மரம் கருகும். அதனால் டப்பாத் தகரத்தை வெட்டி, குழியின் அடியில் ஒரு வில்லையும் சுற்றிலும் ஒரு பட்டையும் வைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கை கொப்பளித்தது. மனசு நிறைந்தது.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாடா இது? நான் குச்சியக் கீழ போட்டதே நீ பேனா புடிக்கணும்னுதான். எம்.ஏ. படிச்சிட்டு உளி புடிச்சிக்கினு குந்தியிருக்க?"

அப்பா சொன்ன குச்சி பறைக்குச்சி. ஊரில் எவன் வீட்டில் சாவு விழுந்தாலும் நட்ட நடு ராத்திரியில் ஆள் வரும். காய்ச்சலோ, சொந்தப் பிள்ளைக்குப் பேதியோ, போய்த்தான் ஆகவேண்டும். செத்த மாட்டைத் தூக்குவதும் அப்படித்தான். 1991இல், அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்தில், காலனி இளைஞர்கள் கூடி இனி ஊருக்குப் பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்பாவும் ஒருவர். ஊர் சும்மா இருக்குமா? வயலில் வேலை நின்றது. கடையில் சாமான் நின்றது. அம்மா கீரை பறித்து வந்து அவித்துப் போட்டு அந்த வருஷத்தைத் தள்ளினாள். அப்பா கீழே போட்ட குச்சியின் விலை அது.

அப்படியானால் நான் உளியைத் தூக்கியது அந்த மறுப்புக்குத் துரோகமா? பல நாள் இந்தக் கேள்வியோடு படுத்தேன், எழுந்தேன்.

யோசித்தால் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதே ஊரில் ஆசாரிப் பட்டறை ஒன்று இருந்தது. மண்வெட்டிக்குக் காம்பு போட அப்பா போனால் பட்டறைக்கு வெளியே வெயிலில் நிற்பார். காம்பு போட்டு மண்ணில் வைப்பார்கள், குனிந்து எடுத்துக்கொள்வார். எங்கள் கைக்குக் குச்சி கட்டாயம். உளி விலக்கு. அடி மட்டத்தில் இருந்தவனைச் செய்யச் சொன்னதும் செய்யவிடாததும் ஒரே சாதிதான். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவன்மேல் ஒருவனாக அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியது எனக்குப் புத்தகத்தைவிட அந்தப் பட்டறை வாசலில்தான் நன்றாகப் புரிகிறது.

இந்த அடுக்கைக் காப்பாற்றத் திட்டங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்து நின்றார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. குடும்ப வழித் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கச் சொன்ன தமிழ்நாடு அரசு, இந்த வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. எழுபது வருஷ இடைவெளி. 'உன் அப்பன் என்ன செய்தான்?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

உடனே சிலர் 'எந்தத் தொழிலும் இழிவில்லை' என்று உபதேசம் செய்ய வருவார்கள். இந்த உபதேசம் எப்போதும் மலக்குழி ஓரத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. சொல்கிறவன் பிள்ளை அந்தக் குழியில் இறங்குவதில்லை. 1993இல் சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் விஷவாயுவில் எங்கள் பிள்ளைகள் செத்தார்கள். அவர்களிடம் போய் உழைப்பின் மேன்மை பேசுவதற்கு எந்த நாக்குக்கும் உரிமையில்லை.

அதே நேரத்தில் நம் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது. நான் உளி பிடித்ததைப் பார்த்து, "தோழர் ஆசாரி ஆயிட்டாரு" என்று இயக்க நண்பர்களே சிரித்தார்கள். கையால் செய்வது மட்டம், வாயால் பேசுவது உசத்தி என்பது யார் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்? மேலிருந்து நம்மை மிதித்த அளவுகோலை, படித்த பிறகு நாமே சட்டைப்பையில் செருகிக்கொண்டு அலைகிறோம். நம் ஆத்தாமார் நட்ட நாற்றும், நம் அப்பன்கள் வெட்டிய வாய்க்காலும் அறிவில்லாமலா நடந்தது?

என் கேள்விக்கு வழி காட்டியது அப்பாவே. ஒரு நாள் கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எவனாவது செய்யச் சொன்னானா?"

"இல்லப்பா."

"முடியாதுன்னு வச்சிட்டு எழுந்தா எவனாவது கேப்பானா?"

"யாரு கேப்பா?"

"அப்ப சரி. செய்யி."

எம்.ஏ. படித்த எனக்குப் பிடிபடாததை அவர் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். ஒரு வேலையில் மானம் இருக்கிறதா என்று வேலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'மாட்டேன்' என்று சொல்ல அந்த மனிதனுக்கு முடியுமா, சொன்னபிறகு அவன் வீட்டில் உலை கொதிக்குமா என்று பார்க்கவேண்டும். இன்று நம் பிள்ளைகள் மேடையேறிப் பறையடிக்கும்போது மெய் சிலிர்க்கிறதே, அதுவும் இதனால்தான். அப்பா தலைமுறை முதலில் மறுத்தது. மறுத்துக் காட்டியவர்களின் பிள்ளைகள்தான் அதை விரும்பி எடுக்க முடிந்தது.

ஆனாலும் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. முதல் கட்டை பிளந்தபோது தூக்கி அடுப்பில் போட்டேன். கூலிக்கு உளி பிடிப்பவனுக்கு அது ஒரு நாள் சோறு. என் பொழுதுபோக்கைக் காட்டி அவன் பாட்டைப் புகழ்ந்தால் அதுவும் உபதேசம்தான். நான் செய்ததால் எந்தத் தொழிலும் தூய்மையாகிவிடவில்லை.

போன டிசம்பருக்குள் 11 கட்டைதான் முடிந்தது. பாக்கி 33. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்தில் பையன்களும் பெண் பிள்ளைகளும் உட்கார்ந்து செய்கிறார்கள். யாரையும் வரச்சொல்லிக் கூப்பிடுவதில்லை. போர் அடித்தால் எழுந்து போகலாம், போகிறார்கள். அப்பா ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இதுவரை உளியைத் தொட்டதில்லை. தொடச்சொல்லி நான் கேட்டதும் இல்லை.