செவி பழகும் காலம்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரானபோது, வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. முன்பின் அறியாதவரிடம் பெயரைச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்துகொள்ளச் செய்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்தப் பதிவுகளை ஏற்க மறுத்தார். சொந்தப் பெயரைத் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. 1951-52 தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை.

இதைப் படிக்கும்போது நம் மனத்தில் இரண்டு எண்ணங்கள் மோதுகின்றன. ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட பெண்ணை, அந்த வழக்கத்தைக் காரணம் காட்டியே தண்டிப்பது நியாயமா என்கிறது ஒன்று. குடியரசு ஒரு பெண்ணோடு பேசத் தொடங்கும் முதல் நாளிலேயே அவள் கணவனின் நிழலோடு பேசிவிட்டால், பிறகு எப்போதும் அந்த நிழலோடுதான் பேசிக்கொண்டிருக்கும் என்கிறது மற்றொன்று. இழப்பு 28 லட்சம் பேருக்கு நேர்ந்தது. அதை லேசாக எண்ணிவிட முடியாது. ஆனாலும் சென் எடுத்த முடிவின் பக்கமே என் மனம் சாய்கிறது. அடுத்த தேர்தலுக்குள் நிலைமை பெரிதும் மாறியது. பெயரைச் சொல்லும் துணிவு வந்த பிறகு பட்டியலில் இடம் தரலாம் என்று அரசு காத்திருக்கவில்லை. இடத்துக்குப் பெயரை நிபந்தனையாக வைத்தது. துணிவு பின்னால் வந்து சேர்ந்தது.

அந்தப் பெயர்ப் பதிவு நடந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இருந்தார்கள். ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-லேயே இங்கு வந்துவிட்டது. பெயர் இருக்கிறது, பதவியும் இருக்கிறது. குரல்?

நம் ஊர்க் கிராம சபை ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். சமுதாயக் கூடத்திலோ மரத்தடியிலோ ஜமக்காளம் விரித்திருக்கிறார்கள். அதில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மகளிர் குழுவில் இருப்பவர்கள். ஆண்கள் ஓரமாக நிற்கிறார்கள். ஓர் அம்மாள் எழுந்து, “எங்க தெருவுக்குத் தண்ணி வந்து எட்டு நாளாச்சு” என்கிறார். “சரிம்மா, பாத்துக்கலாம், உக்காருங்க” என்று பதில் வருகிறது. தீர்மானப் புத்தகத்தின் மேல் ஊராட்சிச் செயலரின் பேனா மூடியபடியே கிடக்கிறது. சற்று நேரம் கழித்து ஓரத்தில் நின்ற ஒருவர், “அந்தத் தெருவுக்குத் தண்ணி வந்து எட்டு நாளாகுது, தலைவரே” என்கிறார். இப்போது பேனா திறக்கிறது. மோட்டாரா, குழாயா என்று விசாரிக்கிறார்கள். அந்த அம்மாளை யாரும் தடுக்கவில்லை. சட்டம் தந்த உரிமையை அவர் முழுமையாகவே பயன்படுத்தினார். அவருடைய சொல் சபையில் விழுந்தது, ஆனால் எவர் செவியிலும் நிற்கவில்லை.

இது நம் கற்பனையோ மனத்தாங்கலோ என்று ஒருவர் ஐயப்படலாம். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் எஸ்தர் டுஃப்லோ, லோரி பீமன், ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஊர்த் தலைவர் ஒருவரின் பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்தார்கள். சொற்களில் மாற்றமில்லை. சிலருக்கு ஆண் குரலையும் சிலருக்குப் பெண் குரலையும் ஒலிக்கவிட்டு, இந்தத் தலைவர் எப்படி என்று கேட்டார்கள். ஊராட்சித் தலைவர் பதவி ஒருமுறைகூடப் பெண்ணுக்கு ஒதுக்கப்படாத ஊர்களில், அதே பேச்சு பெண் குரலில் வந்தபோது ஆண்கள் அதற்குக் குறைந்த மதிப்பெண் தந்தார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைமையைக் கண்டு பழகிய ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது.

2009-இல் வெளியான அந்த ஆய்வில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இன்னொரு செய்தி. பெண் தலைமையைப் பார்த்துப் பழகிய ஊர்களிலும், உங்களுக்கு எந்தத் தலைவர் விருப்பம் என்று கேட்டால் ஆண் தலைவரையே விரும்பும் மனப்போக்கு மாறாமல்தான் இருந்தது. விருப்பு வெறுப்பு இருந்த இடத்தில் இருந்தது. மதிப்பீடு மட்டும் நேராகியிருந்தது. தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் தலைமை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊராட்சிகளில், அதன் பிறகு கூடுதலான பெண்கள் போட்டியிட்டார்கள், கூடுதலாக வென்றும் வந்தார்கள். அதே மாவட்டத்தைப் பற்றிப் பிறகு வெளியான இன்னோர் ஆய்வு, அத்தகைய ஊர்களில் வளரிளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் இடையே படிப்பில் இருந்த இடைவெளி இல்லாமல்போனதையும் கண்டது.

மனம் மாறினால்தான் சமூகம் மாறும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கேட்பதற்கு உயர்வாக இருக்கும் அந்தச் சொல்லுக்குள், யாருடைய மனம் எப்போது மாறும் என்பதற்குக் கெடு ஏதும் இல்லாத ஒரு தள்ளிவைப்பும் ஒளிந்திருக்கிறது. பீர்பூம் ஆண்களின் மனம் மாறவில்லை, செவி பழகியது. பழக்கமில்லாத ராகத்தை முதன்முறை கேட்கும்போது குறை பாடகரிடம் இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். கேட்டுக் கேட்டுத்தான், குறை நம் காதில் இருந்தது என்று தெரியவரும். பொது வாழ்வில் பெண்ணின் குரல் உரக்க இல்லை, தெளிவாக இல்லை, அனுபவம் போதவில்லை என்று நாம் தரும் தீர்ப்புகளில் எத்தனை அந்தக் குரலைப் பற்றியவை, எத்தனை நம் செவியைப் பற்றியவை என்று நாம் பிரித்துப் பார்த்ததுண்டா?

நம்மிடம் பெருமைக்குக் குறைவில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவை. 1926-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மறு ஆண்டே அதன் துணைத் தலைவரானார். ஒரு பெண் முதலமைச்சராகப் பலமுறை இம்மாநிலத்தை ஆண்டிருக்கிறார். இத்தனைக்கும் பிறகு, 2021-இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் 12 பேர். அரியணையில் ஒரு பெண்ணைக் கண்ட கண்கள், பக்கத்துத் தெருப் பெண்ணை வேட்பாளராகக் காண ஏன் பழகவில்லை? அரிதானவரை நாம் அரிதானவர் என்ற கணக்கிலேயே வைத்துவிடுகிறோம் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஔவையின் அறிவும் முத்துலட்சுமியின் கல்வியும் அவர்களை மற்றப் பெண்களிலிருந்து பிரித்துக் காட்டவே நமக்குப் பயன்பட்டன. உச்சியில் நிற்கும் ஒருத்தியை வணங்குவது செவிக்கு எந்தப் பயிற்சியும் தருவதில்லை. தெருக்குழாய்க்காக மன்றாடி, தெருவிளக்குக்காகக் கையெழுத்துப் போட்டு, சில நாள் தடுமாறி, சில நாள் தவறியும் போகிற ஓர் எளிய பெண்ணை ஐந்தாண்டுகள், பத்தாண்டுகள் தலைவராகக் கேட்டுக்கொண்டிருப்பதில்தான் அந்தப் பயிற்சி இருக்கிறது. எளிய ஆணுக்கு நாம் இயல்பாகவே தரும் சலுகை அது.

எளிய பெண் என்றதும் ஒரு மறுப்பு எழும். தலைவரம்மா பெயரளவுக்குத்தானே, அதிகாரம் செய்வது அவர் வீட்டுக்காரர்தானே என்பார்கள். பல ஊர்களில் அது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. கையெழுத்து மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வரும் ஊராட்சிகளை நாம் எல்லோருமே அறிவோம். ஆனால் ஆணின் அரசியல் கல்வி எங்கே நடந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திண்ணையிலும் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் கட்சி அலுவலகத்திலும், தலைமுறை தலைமுறையாக, யாரும் அதற்குப் பள்ளி என்று பெயர் வைக்காமலேயே அவனுக்கு நடந்த பயிற்சி அது. அந்த இடங்களிலெல்லாம் உட்காரவே வழியில்லாதிருந்தவளிடம், முதல் கூட்டத்திலேயே தேர்ந்த பேச்சை எதிர்பார்ப்பதில் நீதி இல்லை.

உட்காரும் இடம் என்பது வெறும் உருவகம் இல்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளியாகி நாடெங்கும் பேசப்பட்டது. மற்றவர்கள் நாற்காலிகளில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். சட்டம் பதவியைத் தந்திருந்தது, வாக்கு அதை உறுதிசெய்திருந்தது. சாதியும் ஆணே மேல் என்ற எண்ணமும் சேர்ந்து அவரைத் தரையில் உட்கார வைத்திருந்தன. படம் வெளிவந்த பிறகே வழக்கும் நடவடிக்கையும் வந்தன. பெண்ணின் குரல் என்று பொதுவாகச் சொல்லும்போது, எந்தத் தெருப் பெண்ணின் குரல் என்று சேர்த்துக் கேட்காவிட்டால், நம் சமத்துவப் பேச்சிலேயே ஒரு பகுதியினர் தரையில் விடப்பட்டுவிடுவார்கள்.

ஒருவரை மதிப்பதால்தான் அவர் சொல்லைக் கேட்கிறோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மனித வரலாற்றில் பல நேரங்களில் நடந்திருப்பது இதற்கு மறுதலை: கேட்க வேண்டிய கடமைக்கு முதலில் ஆட்பட்டு, அந்தக் கடமையை விருப்பமின்றியே செய்துசெய்து, எதிரே இருப்பவரின் சொல்லிலும் நம் சொல்லில் இருப்பது போன்ற காரணமும் கவலையும் பிழையும் அறிவும் இருப்பதைக் கண்டு, பிறகே மனிதர்கள் மதிக்கக் கற்றிருக்கிறார்கள். அப்படியானால் சமத்துவம் என்பது நல்ல உள்ளங்கள் கனிந்து தரும் கொடையாக இருக்க வேண்டிய அவசியமில்லை; ஒருவரையொருவர் விரும்பாதவர்களும்கூட ஒருவர் சொல்லை மற்றவர் பதிந்துகொண்டே ஆக வேண்டும் என்று ஒரு மக்கள் கூட்டம் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் ஒழுக்கமாக அது இருக்க முடியும், அந்த ஒழுக்கத்தின் நீண்ட பழக்கத்திலிருந்தே கனிவும் ஒருநாள் பிறக்க முடியும். இதை ஏற்றுக்கொண்டால் ஒதுக்கீடு பலவீனருக்குத் தரப்படும் கைத்தாங்கல் என்ற வாதம் நிற்காது. அது கேட்பவருக்கான கல்வி. அதனால் பயன்பெற வேண்டியவர்களில் ஆண்களே முதல்வர்கள்.

கல்விக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத்தான் நாம் கைநழுவவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. அப்போது தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அந்த ஊராட்சிகள் மறுபடி அரசு நியமிக்கும் தனி அலுவலர்களிடம் போயின. சபை கூடாத, தேர்தல் நடக்காத ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பெண்களின் பதவி போவதோடு, ஊரின் செவி பெற்ற பழக்கமும் சேர்ந்தே கலைந்துபோகிறது.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா முதன்முதலில் மக்களவைக்கு வந்தது 1996 செப்டம்பரில். அந்த மாதம் பிறந்த ஒரு பெண் குழந்தை, தேர்தலில் நிற்கத் தகுதியான 25 வயதை 2021-இல் எட்டினாள். சட்டம் நிறைவேறிய 2023 செப்டம்பரில் அவளுக்கு வயது 27. மக்களவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இருவர் மட்டுமே, மாநிலங்களவையில் ஒருவர்கூட இல்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையொட்டிய தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஏறத்தாழ ஒருமனதாகத் தந்த உரிமைக்கு நாள் குறிக்காமல் விட்டுவிட்டோம். அவளுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது.