எளியவனின் அறியாமையும் வலியவனின் அறியாமையும்

நகைப்பிற்குரியது எது என்ற கேள்விக்குப் பிளேட்டோ ‘ஃபிலேபஸ்’ என்னும் உரையாடலில் தரும் விடை, கேலிக்கு ஆளாகிறவனின் குறையோடு அவனுடைய வலிமையையும் கணக்கில் கொள்கிறது. தன் செல்வத்தையோ உடலழகையோ அறிவையோ உள்ளதற்கு மேலாக ஒருவன் மதித்துக்கொள்ளும் தன்னறியாமையே நகைப்பின் வேர் என்று கூறும் அவர், அந்த அறியாமை உடையவன் தன்னைக் கண்டு சிரிப்பவரைத் திருப்பித் தாக்க இயலாத எளியவனாக இருந்தால் நகைப்பிற்குரியவன் என்றும், வலியவனாக இருந்தால் அஞ்சவும் வெறுக்கவும் தக்கவன் என்றும் பிரிக்கிறார். கேலி அறத்தோடு பொருந்துமா என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் சிரிப்பவரின் மனத்தையே நோக்கினர். பிறர் குறையைக் கண்டவுடன் தம் மேன்மை பற்றி எழும் திடீர்ப் பெருமிதமே சிரிப்பு என்றார் மெய்யியலாளர் ஹாப்ஸ். கணினித் துறையினரையும் அறிவியலாளரையும் ஆங்கிலத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்கள் சித்திரிக்கும் முறையை மதிப்பிடுவதற்கு ஹாப்ஸைவிடப் பிளேட்டோவின் பிரிவே பயன்படும்.

இத்தொடர்களின் நிலையான பாத்திரம் ‘கீக்’. அதாவது, ஏதோ ஒரு நுண்துறையில் ஆழ்ந்த அறிவும், அத்துறைக்கு வெளியே மனிதரோடு பழகத் தெரியாத தடுமாற்றமும் ஒருங்கே கொண்டவன். சிபிஎஸ் நிறுவனம் 2007 முதல் 2019 வரை 279 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘தி பிக் பேங் தியரி’ தொடரில் வரும் ஷெல்டன் கூப்பர் என்ற இயற்பியலாளர் இவ்வார்ப்பின் முழுவடிவம். அண்டை வீட்டுப் பெண்ணின் கதவை மூன்று சுற்றாகத் தட்டி ஒவ்வொரு சுற்றிலும் அவள் பெயரைச் சொன்னாலன்றி அவருக்கு அமைதி இல்லை. சோபாவில் தமக்குரிய இடத்தில் பிறர் அமர்ந்தால் பொறுக்கமாட்டார். உயிருள்ள ஒன்றின்மேல் இயந்திரத்தன்மை படிவதே நகைப்பைத் தோற்றுவிக்கிறது என்று 1900-இல் மெய்யியலாளர் பெர்க்சன் வகுத்த கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாகிய மடன் என்பதற்கு, பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று உரையாசிரியர் கூறும் பொருளும் ஷெல்டனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

இத்தொடரின் வெண்பலகைகளில் தோன்றும் சமன்பாடுகள் பிழையின்றி அமையும்பொருட்டு டேவிட் சால்ட்ஸ்பர்க் என்ற இயற்பியல் பேராசிரியர் ஆலோசகராகப் பணியாற்றினார். அறிவியல் இவ்வளவு மதிப்போடு காக்கப்படும் அதே அரங்கில் அறிவியலாளன் சிரிப்புக்கு விடப்படுகிறான் என்பது எண்ணத்தக்கது. புகழ்பெற்ற நிறுவனத்தில் ஆய்வு செய்பவன் பிளேட்டோ கருதிய பொருளில் எளியவன் அல்லன் ஆதலால், அவனுடைய எளிமையைத் தொடரே செய்து தரவேண்டியிருக்கிறது: பொறியாளர் ஹோவர்ட் தாயின் வீட்டை விட்டு நகராதவராகவும், புது தில்லியிலிருந்து வந்த வானியற்பியலாளர் ராஜ் முதல் ஆறு பருவங்களிலும் மது அருந்தாமல் பெண்களோடு பேச இயலாதவராகவும் படைக்கப்பட்டிருப்பது இதன்பொருட்டே எனலாம். ராஜைப் பொறுத்தவரை, அவர் அயல்நாட்டவர் என்பதும் இந்த எளிமையில் ஒரு பங்காகச் சேர்க்கப்படுகிறது. அது அவ்வளவு சிரிக்கத்தக்கதன்று.

இந்த நகைச்சுவையின் முதல்வடிவமும் பிளேட்டோவிடமே உள்ளது. வானை நோக்கி நடந்து கிணற்றில் விழுந்த மெய்யியலாளர் தேல்ஸைக் கண்டு ஒரு திரேசியப் பணிப்பெண் நகைத்ததாக ‘தியேட்டீட்டஸ்’ உரையாடல் கூறுகிறது. ‘தி பிக் பேங் தியரி’யில் உணவகப் பணிப்பெண்ணாக அறிமுகமாகும் பென்னி, அண்டை வீட்டு இயற்பியலாளரைப் பார்த்துச் சிரிக்கும்போது செய்வது அதே பணி. ஆனால் தேல்ஸைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் இன்னொரு கதை சொல்கிறார். ஒலிவ விளைச்சல் பெருகப்போவதை வானியலால் முன்னறிந்த தேல்ஸ், குளிர்காலத்திலேயே மிலீட்டஸ், கியோஸ் ஆகிய இடங்களின் எண்ணெய் ஆலைகளையெல்லாம் சிறுதொகைக்குப் பேசி வைத்து, அறுவடையின்போது தாம் விரும்பிய விலைக்கு உள்வாடகைக்கு விட்டாராம். இது ஒருவர் கையில் சந்தையை முடக்கும் முற்றுரிமை உத்தி என்றும் அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். முதல் ஐபோன் வெளிவந்த 2007-இல் தொடங்கிய தொடர் கிணற்றுக் கதையை மட்டுமே பன்னிரண்டு பருவங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, ஆலைக் கதை தொலைக்காட்சிக்கு வெளியே, கணினித் துறையினரின் கையில் நடந்தேறியது. கி.மு. 423-இல் அரங்கேறிய ‘மேகங்கள்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டுக் காட்டிய கேலி, படையும் பணமும் இல்லாத ஒருவரைத் தீங்கானவர் என நம்பவைத்தவற்றுள் ஒன்று என்று சாக்ரடீஸே தம் வழக்குரையில் சுட்டியதாகப் பிளேட்டோ எழுதுகிறார். கீக் நகைச்சுவையின் பிழை இதற்கு நேரெதிரானது, ஏனெனில் வலிமை பெற்றுவிட்டவனைத் தீங்கற்றவன் என நம்பவைக்கிறது.

எளிமை உண்மையாகவே இருக்கும் இடம் சேனல் 4 வெளியிட்ட ‘தி ஐடி கிரவுட்’. 2006-இல் தொடங்கிய அத்தொடரில், ஒரு பெருநிறுவனத்தின் நிலவறையில் பிறர் கணினிகளைச் சரிசெய்யும் ராயும் மாஸும் தம் மேலாளர் ஜென்னை அவமானப்படுத்த எண்ணி, ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்து இதுவே இணையம் என்கின்றனர். அவள் அதை மேடையேற்ற, கூடியிருந்தோர் அனைவரும் நம்பிவிடுகின்றனர். நகையின் நிலைக்களன்களுள் இன்னொன்றாகிய எள்ளல் என்பதைப் பிறரை எள்ளி நகுதல் என்றும் பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என்றும் தொல்காப்பிய உரையாசிரியராகிய பேராசிரியர் இரண்டாகப் பகுப்பார். இரண்டும் ஒரே காட்சியில் கூடிவருவதாலேயே அது கீழிருப்பவனை மிதிக்காத நகைச்சுவையாகிறது.

தம் இளமையில் பொறியாளராகப் பணியாற்றியிருந்த மைக் ஜட்ஜ் உருவாக்கி, ஹெச்பிஓ 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய ‘சிலிக்கான் வேலி’ மட்டுமே பிளேட்டோவின் எல்லையை அறிந்தே கடக்கிறது. உலகை மேம்படுத்துவதாகத் தம்மையே நம்பவைத்துக்கொண்ட கேவின் பெல்சன் போன்ற பெருநிறுவனத் தலைவர்களின் தன்னறியாமை, வலியவனின் அறியாமை. அதைச் சிரிக்கத்தக்கதாக்குவதே அது எழுப்பும் அச்சத்தைக் குறைத்துவிடாதா என்ற ஐயத்திற்கு இத்தொடர் தன் இறுதிப் பகுதியில் இடமளிக்கிறது. நாயகர்களின் நிறுவனம் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு எந்த மறையாக்கத்தையும், அதாவது தகவலைப் பிறர் படிக்க இயலாதபடி பூட்டிவைக்கும் முறையையும், உடைக்கத் தானே கற்றுவிட்டதை அறிந்த அவர்கள், வெளியீட்டு நாளன்று தம் தொழில்நுட்பம் வெட்கக்கேடாகத் தோற்கும்படி தாமே செய்கின்றனர். கைபேசிகள் எழுப்பும் ஒலிக்கு எலிகள் கூட்டமாக வந்து சேர, ஊர் சிரிக்கிறது. தாம் அஞ்சத்தக்கவராகிவிட்டதை உணர்ந்தவர்கள் நகைப்பிற்குரியவராகத் தோன்றுவதைத் தாமே தேர்ந்துகொள்ளும் இக்காட்சியில், பிளேட்டோவின் வரையறைக்கு அவர்கள் பொருந்துவதில்லை. அவர்கள் தம்மை அறிந்திருக்கின்றனர், அறியாதவர்கள் சிரிப்பவர்களே.